லிங்க்டு லிஸ்ட்டில் ஸ்ட்ரக்சரைச் சேமிக்கும்போது: எந்தப் பாயிண்டர் எந்த இடத்தைக் காட்டுகிறது?

முருகன், கவிதா, சலீம் என்று மூன்று பெயரைக் கொடுக்கிறீர்கள். பட்டியலை அச்சிட்டால் மூன்று வரியிலும் சலீம். அல்லது சலீம் என்ற பெயரே திரை முழுக்க நிற்காமல் ஓடுகிறது. அல்லது எதுவுமே வராமல் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று (தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டதற்கான பிழை) ஒற்றை வரி வந்து ப்ரோகிராம் நின்றுவிடுகிறது. சி மொழியில் லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் சங்கிலிப் பட்டியல்) எழுத ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றுக்கும் வேர் ஒன்று: பாயிண்டரை அறிவித்தாலே ஸ்ட்ரக்சருக்கான (பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய தரவு) இடமும் கூடவே கிடைத்துவிடும் என்ற எண்ணம். கிடைக்காது. பாயிண்டர் வெறும் முகவரி. இடத்தைத் தனியாக வாங்கியாக வேண்டும்.

கீழே உள்ள படிகள் எல்லாவற்றிலும் ஒரே பழக்கத்தைத்தான் வலியுறுத்துகிறேன். ஒரு பாயிண்டரைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். அது காட்டும் இடத்தை யார் ஒதுக்கியது? அந்த இடம் எதுவரை உயிரோடு இருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாத வரியைக் கம்பைல் செய்யாதீர்கள்.

நிரல் வரிகளை இங்கே தமிழெழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். ஸ்ட்ரக்ட், இன்ட், கேர், வைல், சைஸ்ஆஃப் (அளவை பைட்டில் சொல்வது), மேலாக் (நினைவகத்தில் இடம் வாங்குவது), ஃப்ரீ (அதைத் திருப்பிக் கொடுப்பது), நல் (எதையும் காட்டாத பாயிண்டரின் மதிப்பு) போன்ற மொழிக்குரிய சொற்களை நீங்கள் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். தலை, புது, நட போன்ற மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே விட்டாலும் ஜிசிசி கம்பைலரின் 10 முதலான பதிப்புகள் ஏற்றுக்கொள்ளும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

64 பிட் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், வால்கிரைண்ட் (நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி). மூன்றும் இலவசம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு போட்டுக்கொண்டால் போதும். இவற்றோடு ஒரு தாளும் பென்சிலும். ஒவ்வொரு நோடையும் (சங்கிலியின் ஒரு கண்ணி) பெட்டியாக வரைந்து அம்புக்குறி போட்டுப் பார்க்காமல் இந்தப் பாடம் மண்டையில் ஏறாது.

கம்பைல் செய்யும்போது நான்கு கொடிகளை (கம்பைலருக்குக் கொடுக்கும் கூடுதல் கட்டளைகள்) தவறாமல் சேருங்கள்: டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா, ஜி, பிறகு அட்ரஸ் சானிடைசரை (தப்பான இடத்தைத் தொட்டால் நிறுத்திச் சொல்லும் சோதனை வசதி) இயக்கும் கொடி. சானிடைசர் சேர்த்தால் ப்ரோகிராம் ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாக ஓடும். வால்கிரைண்டில் ஓட்டினால் 10 முதல் 50 மடங்கு. வகுப்புப் பயிற்சி அளவுக்கு இரண்டுமே ஒரு பொருட்டில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது. சானிடைசர் சேர்த்துக் கம்பைல் செய்ததை வால்கிரைண்டில் ஓட்ட முடியாது. அதற்குத் தனியாக ஒருமுறை கம்பைல் செய்யுங்கள்.

பழைய நோட்ஸ் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் புழங்கிய டர்போ சி 16 பிட் கம்பைலர். அதில் இன்ட் 2 பைட், சிறிய மெமரி மாடலில் பாயிண்டரும் 2 பைட். உங்கள் கணினியில் இன்ட் 4 பைட், பாயிண்டர் 8 பைட். நோட்ஸில் உள்ள கணக்கு ஒன்றும் ஒத்துவராது. நல் பாயிண்டர் வழியாக எழுதினால் டர்போ சி ஓடி முடித்த பிறகுதான் "நல் பாயிண்டர் அசைன்மென்ட்" என்று சொல்லும். லினக்ஸ் அந்த வரியிலேயே நிறுத்திவிடும். "அங்கே ஓடியது, இங்கே ஏன் ஓடவில்லை" என்பதற்கு இதுவே காரணம். அங்கேயும் அது தப்பாகத்தான் ஓடியது.

2. தரவு ஒரு ஸ்ட்ரக்சர், இணைப்பு இன்னொரு ஸ்ட்ரக்சர்

ஸ்ட்ரக்ட் மாணவர் {
  இன்ட் எண்;
  கேர் பெயர்[32];
  இன்ட் மதிப்பெண்;
};

ஸ்ட்ரக்ட் நோடு {
  ஸ்ட்ரக்ட் மாணவர் தரவு;
  ஸ்ட்ரக்ட் நோடு *அடுத்தது;
};

இரண்டையும் ஒன்றாகக் கலந்து, மாணவருக்குள்ளேயே அடுத்தது என்ற பாயிண்டரை வைத்துவிடுவதுதான் பல பாடங்களில் வழக்கம். ஓடும். ஆனால் மதிப்பெண் வரிசையில் அடுக்குவதற்காக இரண்டு ஸ்ட்ரக்சரை இடம் மாற்றினால் பாயிண்டரும் சேர்ந்து இடம் மாறி, சங்கிலி அறுந்துபோகும். பிரித்து எழுதினால் தரவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், இணைப்பு அப்படியே இருக்கும்.

அடுத்தது என்பதன் முன்னால் உள்ள நட்சத்திரக் குறியை விட்டுவிட்டால், அந்த உறுப்பின் வகை முழுமையாகவில்லை என்று கம்பைலர் மறுத்துவிடும். காரணம் எளிது: நோடுக்குள் முழு நோடு, அதற்குள் இன்னொரு முழு நோடு என்று போனால் அளவுக்கு முடிவே இல்லை. பாயிண்டர் என்றால் எதைக் காட்டினாலும் 8 பைட்தான், அதனால் கணக்கு முடிகிறது. டைப்டெஃப் போடுபவர்கள் கவனிக்க: டைப்டெஃப் வைத்த புதுப்பெயர் அந்த வரி முடிந்த பிறகுதான் பிறக்கிறது. அடைப்புக்குள் "ஸ்ட்ரக்ட் நோடு *" என்று முழுசாகத்தான் எழுத வேண்டும்.

அளவைத் தாளில் போட்டுப் பாருங்கள். எண் 4, பெயர் 32, மதிப்பெண் 4. மாணவர் 40 பைட். அதன்மேல் பாயிண்டர் 8. நோடு 48 பைட். இப்போது மதிப்பெண்ணை நீக்கினால் 44 ஆகும் என்று தோன்றும். ஆகாது, மறுபடி 48தான் வரும். 64 பிட்டில் பாயிண்டர் 8-ஆல் வகுபடும் இடத்தில்தான் உட்காரும். 36-க்கும் 40-க்கும் நடுவே 4 பைட்டைக் கம்பைலர் காலியாக விட்டுவிடும். ஆகவே அளவைக் கையால் கூட்டி எழுதாதீர்கள். எப்போதும் சைஸ்ஆஃப்.

3. நோடுக்கு இடம் வாங்குவது

ஸ்ட்ரக்ட் நோடு *புது = மேலாக்(சைஸ்ஆஃப் *புது);

இந்த வரியில் இரண்டு இடம் சம்பந்தப்பட்டிருக்கிறது. புது என்ற பாயிண்டர் 8 பைட், ஃபங்ஷனின் ஸ்டேக்கில் (ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் இருக்கும் இடம்). அது காட்டும் நோடு 48 பைட், ஹீப்பில் (மேலாக் இடம் எடுத்துக் கொடுக்கும் பகுதி). ஃபங்ஷன் முடிந்ததும் முதலாவது போய்விடும். இரண்டாவது நீங்கள் ஃப்ரீ செய்யும்வரை இருக்கும். லிங்க்டு லிஸ்ட்டே இந்த வித்தியாசத்தின்மேல்தான் நிற்கிறது.

இங்கே நட்சத்திரக் குறியை விட்டு சைஸ்ஆஃப்(புது) என்று எழுதிவிடுவது மிகவும் புழக்கமான தவறு. கேட்டது 48 அல்ல, 8. பழைய கம்பைலர்கள் பெரும்பாலும் வாய் திறக்காது. லினக்ஸின் க்னூ சி லைப்ரரி 8 கேட்டாலும் குறைந்தது 32 பைட் துண்டாகத்தான் வெட்டிக் கொடுக்கும், அதில் 24 பைட் உங்களுக்குப் பயன்படும். இரண்டு நோடு அடுத்தடுத்து ஒதுக்கப்பட்டால், முதல் நோடுக்கு 32 பைட் தள்ளி இரண்டாவது தொடங்கும். முதல் நோடின் மதிப்பெண் 36-ஆம் பைட்டில் இருக்கிறது; அடுத்தது என்ற பாயிண்டர் 40-இல். இரண்டாம் நோடின் பெயர் தொடங்குவதும் அதே 36-இல்தான். ஆக, இரண்டாம் மாணவரின் பெயரை எழுதியதும் முதல் மாணவரின் மதிப்பெண் அழிகிறது, பெயர் கொஞ்சம் நீளமாக இருந்தால் பாயிண்டரும் அழிகிறது. "பெயரை மாற்றினால் மதிப்பெண் மாறுகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் மேலாக் வரியைப் பாருங்கள்.

மேலாக் கொடுக்கும் இடம் சுத்தமாக இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. புதிதாகத் தொடங்கிய ப்ரோகிராமில் பெரும்பாலும் பூஜ்யமாகவே இருக்கும், அதனால் புது->அடுத்தது = நல் என்பதை மறந்தாலும் ஓடும். சில நோடுகளை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கும்போது பழைய இடமே திரும்பி வரும், பழைய குப்பையோடு. அப்போதுதான் வெடிக்கும். சேர்க்கும் ஒவ்வொரு நோடுக்கும் அடுத்தது என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

மேலாக்கின் முன்னால் வகைமாற்றம் எழுதத் தேவையில்லை. எஸ்டிடிலிப் தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறந்தால் பழைய கம்பைலர்கள் மேலாக் ஓர் இன்ட்டைத் திருப்பித் தருகிறது என்று ஊகித்து, 8 பைட் முகவரியில் பாதியை வெட்டிவிடும். வகைமாற்றம் எழுதியிருந்தால் அதற்கான எச்சரிக்கையும் மறைந்துபோகும். ஜிசிசி 14 இதை நேரடியாகப் பிழை என்றே சொல்லி நிறுத்துகிறது. டர்போ சி நிரல்களில் இருக்கும் அல்லாக் என்ற தலைப்புக் கோப்பை நீக்கிவிட்டு எஸ்டிடிலிப் போடுங்கள்.

4. நோடுக்குள் வைப்பது தரவையா, தரவின் முகவரியையா?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். இங்கே தெளிந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

மேலே எழுதிய நோடு மாணவரை முழுதாக உள்ளே வைத்திருக்கிறது. புது->தரவு = ம என்று எழுதினால் 40 பைட்டும் நகலாகும். பெயர் 32 பைட் கட்டமாக உள்ளேயே இருப்பதால் அதுவும் நகலாகிவிடும். அதன்பின் ம என்ற மாறியை நீங்கள் எப்படி மாற்றினாலும் லிஸ்ட் அசையாது. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியை மட்டுமே.

இன்னொரு வழி, நோடுக்குள் ஸ்ட்ரக்ட் மாணவர் *தரவு என்று முகவரியை மட்டும் வைப்பது. ஒரே மாணவர் இரண்டு லிஸ்ட்டில் இருக்க வேண்டும் என்றால் இது தேவைப்படும். செலவு கூடுதல். மேலாக் ஒவ்வொரு துண்டுக்கும் 8 பைட் கணக்குக்காக எடுத்துக்கொண்டு, மொத்தத்தை 16-இன் மடங்காக்கும். முதல் வழியில் 48 பைட் நோடுக்கு 64 பைட் போகும். இரண்டாம் வழியில் 16 பைட் நோடுக்கு 32, 40 பைட் மாணவருக்கு 48, மொத்தம் 80. கூடவே இரண்டு மேலாக், இரண்டு ஃப்ரீ. 60 பேர் வகுப்பில் 3,840 பைட்டா 4,800 பைட்டா என்பது பெரிதல்ல. இரண்டு ஃப்ரீயில் ஒன்றை மறப்பதுதான் பெரிது.

இந்த இரண்டாம் வழியில்தான் "மூன்று வரியிலும் சலீம்" பிறக்கிறது:

ஸ்ட்ரக்ட் மாணவர் ம;
(ஒவ்வொரு சுற்றிலும்)
  ம-வில் விவரம் வாங்கு;
  புது->தரவு = &ம;

நோடு மூன்று இருக்கிறது. ம ஒன்றே ஒன்றுதான். மூன்று நோடும் அதே ஒன்றைக் காட்டுகின்றன. அதில் கடைசியாக எழுதியது சலீம். இதையே இன்னும் ஒரு படி தவறாக, நோடையே மேலாக் இல்லாமல் உள்ளூர் மாறியாக வைத்தால்:

ஸ்ட்ரக்ட் நோடு த;
(ஒவ்வொரு சுற்றிலும்)
  த.அடுத்தது = தலை;
  தலை = &த;

முதல் சுற்றில் த.அடுத்தது நல், தலை த-வைக் காட்டுகிறது. சரி. இரண்டாம் சுற்றில் தலை ஏற்கெனவே த-வின் முகவரி. அதைக் கொண்டுபோய் த.அடுத்தது என்பதில் வைக்கிறீர்கள். நோடு தன்னையே காட்டுகிறது. அச்சிடப் போனால் முடிவில்லாமல் சலீம், சலீம், சலீம். இந்த ஓட்டத்தைத் திரையில் பார்த்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்: ஏதோ ஒரு நோடின் அடுத்தது அதே நோடைக் காட்டுகிறது.

சரியாக ஒதுக்கியிருக்கிறீர்களா என்று பார்க்க, புது என்ற முகவரியை அச்சிட்டுப் பாருங்கள். அட்ரஸ் சானிடைசர் இல்லாமல், நடுவே வேறு ஒதுக்கீடு எதுவும் நடக்காமல் ஓட்டினால் ஒவ்வொரு நோடின் முகவரியும் முந்தையதைவிடப் பதினாறடிமான எண்ணில் 40 கூடியிருக்கும், அதாவது 64 பைட். முகவரி மாறாமல் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் நீங்கள் காட்டுவது ஒரே இடத்தை.

பெயரில் இன்னொரு பொறி. பெயர்[32] என்பதற்குப் பதிலாக கேர் *பெயர் என்று அறிவித்துவிட்டு, வாங்கும் பஃபரின் (உள்ளீட்டைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) முகவரியை ம.பெயர் = பஃபர் என்று வைத்தால், ஸ்ட்ரக்சர் நகலாகும்போது முகவரி மட்டும் நகலாகும். எண்ணும் மதிப்பெண்ணும் மூன்று பேருக்கும் சரியாக இருக்கும். பெயர் மட்டும் மூன்றும் சலீம். பாதி சரியாக இருப்பதால் கண்டுபிடிக்க நேரமாகும். பாயிண்டராகத்தான் வைக்க வேண்டும் என்றால் ஸ்ட்ர்டப் போட்டுத் தனி நகல் எடுங்கள், நோடை விடுவிக்கும் முன் அந்த நகலை விடுவியுங்கள்.

5. தமிழ்ப் பெயருக்கு 32 பைட் போதுமா?

போதாது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறி. "முருகன்" என்பதில் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என 7 குறி: 21 பைட், முடிவைக் காட்டும் பூஜ்யத்தோடு 22. "செந்தமிழ்ச்செல்வி" 17 குறி: 51 பைட்.

எஃப்கெட்ஸ் (ஒரு வரியைப் படித்துத் தரும் ஃபங்ஷன்) வைத்து 32 பைட் பஃபரில் வாங்கினால் அது 31 பைட்டை எடுத்துக்கொண்டு நிறுத்தும். 10 குறி முழுதாக வரும், 11-ஆவது குறியின் முதல் பைட் மட்டும் வரும். திரையில் "செந்தமிழ்ச" என்று போய் ஒரு கேள்விக்குறிக் கட்டத்தில் முடியும். மிச்சமுள்ள 20 பைட் உள்ளீட்டிலேயே காத்திருக்கும். அடுத்து மதிப்பெண் கேட்கும் வரி அதை விழுங்கிவிடும். பார்ப்பவருக்கு பாயிண்டர் கோளாறு மாதிரியே தெரியும், ஆனால் பாயிண்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெயர்[64] என்று வையுங்கள்: 63 பைட்டில் சரியாக 21 குறி. நோடு 80 பைட் ஆகும், மேலாக் துண்டு 96. வாங்குவதை 256 பைட் பஃபரில் வாங்கி, வரியின் கடைசியில் வரும் புதுவரிக் குறியை நீக்கி, நீளத்தைச் சோதித்த பிறகு நகலெடுங்கள். எண்ணை ஸ்கேன்எஃப் கொண்டும் பெயரை எஃப்கெட்ஸ் கொண்டும் மாற்றி மாற்றி வாங்காதீர்கள். ஸ்கேன்எஃப் விட்டுவைக்கும் புதுவரிக் குறியை எஃப்கெட்ஸ் எடுத்துக்கொண்டு காலிப் பெயரைத் தரும். எல்லாவற்றையும் எஃப்கெட்ஸால் வாங்கி, எண்ணை அதிலிருந்து பிரித்தெடுங்கள்.

(கணக்கு புரிவதற்காகக் கீழே 32 பைட் பெயரோடுதான் தொடர்கிறேன்.)

6. தலையை மாற்றும் ஃபங்ஷன்

சி மொழியில் ஃபங்ஷனுக்குப் போவது எல்லாமே நகல். பாயிண்டரும் நகல்தான். ஃபங்ஷனுக்குள் தலை = புது என்று எழுதினால் மாறுவது அந்த நகல்; மெயினில் உள்ள தலை நல்லாகவே இருக்கும். "சேர்க்கிறேன், ஆனால் லிஸ்ட் காலி" என்ற புகாருக்கு இதுவே காரணம். தலையை மாற்ற வேண்டுமானால் தலையின் முகவரியை அனுப்புங்கள்:

இன்ட் முன்சேர்(ஸ்ட்ரக்ட் நோடு **தலை, ஸ்ட்ரக்ட் மாணவர் ம)
{
  ஸ்ட்ரக்ட் நோடு *புது = மேலாக்(சைஸ்ஆஃப் *புது);
  இஃப் (புது == நல்) ரிட்டர்ன் 0;
  புது->தரவு = ம;
  புது->அடுத்தது = *தலை;
  *தலை = புது;
  ரிட்டர்ன் 1;
}

அழைக்கும்போது: முன்சேர்(&தலை, ம). இரட்டை நட்சத்திரத்தைக் கண்டு மிரள வேண்டாம். தாளில் தலை என்ற பெட்டியை வரைந்து அதற்கு 1000 என்று முகவரி கொடுங்கள். உள்ளே 0. புது நோடுக்கு 5000. ஃபங்ஷனுக்குப் போவது 1000. *தலை என்றால் 1000-இல் இருக்கும் பெட்டி. அதில் 5000 என்று எழுதுகிறோம். அவ்வளவுதான். அடுத்த நோடு 5064-இல் வரும்: அதன் அடுத்தது என்பதில் 5000, 1000-இல் 5064.

மதிப்பு வைக்கும் கடைசி இரண்டு வரிகளின் வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் *தலை = புது என்று எழுதினால் பழைய நோடுகளின் முகவரி தொலைந்தது; அதன்பின் புது->அடுத்தது = *தலை என்றால் நோடு தன்னையே காட்டும். பழையதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் தலையை விட வேண்டும்.

குறிகளில் தடுமாற்றம் வந்தால்: (*தலை)->அடுத்தது என்பதில் அடைப்பு கட்டாயம், ஏனென்றால் அம்புக்குறியும் புள்ளியும் நட்சத்திரத்தைவிட இறுக்கமாக ஒட்டும். அதே காரணத்தால் &நட->தரவு.எண் என்பதற்கு அடைப்பு வேண்டாம். இன்னொன்று: ஸ்ட்ரக்ட் நோடு* அ, ஆ, என்று எழுதினால் அ மட்டுமே பாயிண்டர், ஆ முழு நோடு.

7. நடந்து பார்ப்பதும் கடைசியில் சேர்ப்பதும்

நட என்று தனிப் பாயிண்டர் வைத்து நட = நட->அடுத்தது என்று போங்கள். தலையையே நகர்த்தினால் அச்சிட்டு முடிக்கும்போது லிஸ்ட் கையை விட்டுப் போயிருக்கும்.

முன்னால் சேர்ப்பது எத்தனை நோடு இருந்தாலும் ஒரே வேலை. கடைசியில் சேர்க்க ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து நடந்தால், 10,000 நோடு சேர்ப்பதற்குள் சுமார் 5 கோடி அடி நடந்திருப்பீர்கள். வால் என்று இன்னொரு பாயிண்டர் வைத்தால் இந்த நடை இல்லை. ஆனால் கடைசி நோடை நீக்கும்போது வாலையும் திருத்த வேண்டும். மறந்தால் விடுவித்த இடத்தில் புது நோடு ஒட்டும்.

8. நடுவிலிருந்து ஒன்றை நீக்குவது

முந்தைய நோடு, இப்போதைய நோடு என்று இரண்டு பாயிண்டர் வைத்து, முதல் நோடுக்குத் தனி நிபந்தனை எழுதுவது வழக்கம். முகவரியின் முகவரியை வைத்தால் தனி நிபந்தனையே தேவையில்லை:

ஸ்ட்ரக்ட் நோடு **இணை = &தலை;
வைல் (*இணை != நல் && (*இணை)->தரவு.எண் != தேடு)
  இணை = &(*இணை)->அடுத்தது;
இஃப் (*இணை != நல்) {
  ஸ்ட்ரக்ட் நோடு *போ = *இணை;
  *இணை = போ->அடுத்தது;
  ஃப்ரீ(போ);
}

இணை காட்டுவது நோடை அல்ல, நோடைக் காட்டும் பாயிண்டர் இருக்கும் பெட்டியை. அது தலையாகவும் இருக்கலாம், யாரோ ஒரு நோடின் அடுத்தது என்ற உறுப்பாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே வகை. இது முதல் பார்வையில் புரியாவிட்டால் மூன்று பெட்டி வரைந்து நடுவில் உள்ளதை நீக்கிப் பாருங்கள், பிறகு முதல் பெட்டியை. வைல் நிபந்தனையில் நல் சோதனை முதலில் வர வேண்டும். மாற்றி எழுதினால், இல்லாத எண்ணைத் தேடும்போது செக்மென்டேஷன் ஃபால்ட்.

9. முழு லிஸ்ட்டையும் விடுவிப்பது

ஸ்ட்ரக்ட் நோடு *நட = தலை;
வைல் (நட != நல்) {
  ஸ்ட்ரக்ட் நோடு *பின் = நட->அடுத்தது;
  ஃப்ரீ(நட);
  நட = பின்;
}
தலை = நல்;

பின் என்ற பாயிண்டர் இல்லாமல், ஃப்ரீ(நட); நட = நட->அடுத்தது; என்று எழுதுபவர்கள் நிறைய. ஓடவும் செய்யும், அதுதான் ஆபத்து. ஏன் ஓடுகிறது என்று பாருங்கள். க்னூ சி லைப்ரரி, 2.29 பதிப்பிலிருந்து, விடுவிக்கும் சிறிய துண்டுகளில் முதல் சிலவற்றின் தொடக்க 16 பைட்டில் தன் சொந்தக் கணக்கை எழுதிக்கொள்ளும். உங்கள் நோடில் எண்ணும் பெயரின் முதல் 12 பைட்டும் அங்கே இருக்கின்றன, அவை அழியும். அடுத்தது 40-ஆம் பைட்டில் இருப்பதால் பிழைத்துக்கிடக்கும். அடுத்தது என்ற உறுப்பை ஸ்ட்ரக்சரின் முதல் வரிக்கு மாற்றுங்கள், அதே நிரல் நொறுங்கும். உறுப்பின் வரிசையை மாற்றியதும் ப்ரோகிராம் விழுந்தால், விடுவித்த இடத்தை எங்கோ படிக்கிறீர்கள் என்று அர்த்தம். அட்ரஸ் சானிடைசர் இதை "ஹீப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ" என்று வரி எண்ணோடு சொல்லிவிடும்.

ஃப்ரீ செய்ததால் பாயிண்டரின் மதிப்பு மாறாது. பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் தலை = நல் என்று எழுதுவது அதனால்தான். எழுதாமல் விட்டு, மெனுவில் "எல்லாம் அழி" என்பதை இருமுறை அழுத்தினால் "டபுள் ஃப்ரீ டிடெக்டட்" என்று ப்ரோகிராம் நிற்கும்.

10. வால்கிரைண்ட் அறிக்கையைப் படிப்பது

60 மாணவரைச் சேர்த்து, அச்சிட்டு, விடுவித்துவிட்டு வால்கிரைண்டில் ஓட்டுங்கள். ஒதுக்கியதும் விடுவித்ததும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். 60 என்று எதிர்பார்த்த இடத்தில் 61, 62 என்று வந்தால் பதற வேண்டாம். திரைக்கும் விசைப்பலகைக்கும் லைப்ரரி தானே வாங்கும் பஃபர்கள் அவை.

குறைந்திருந்தால் எண்களே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். "டெஃபினிட்லி லாஸ்ட்" என்பதில் 48 பைட், 1 துண்டு. "இன்டைரக்ட்லி லாஸ்ட்" என்பதில் 2,832 பைட், 59 துண்டு என்று வந்தால் தலையைத் தொலைத்திருக்கிறீர்கள். மற்ற 59-ம் அதைத் தொடர்ந்து போயின. முதல் வகையிலேயே 60 துண்டும் வந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இருந்தால் நோடுகளை விடுவித்துவிட்டு ஸ்ட்ர்டப் நகல்களை மறந்திருக்கிறீர்கள். முருகனுக்கு 22 பைட் என்று அங்கேயே தெரியும். ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஒரு துண்டு வீதம் குறைந்தால் 8-ஆம் படியில் ஃப்ரீ(போ) விடுபட்டிருக்கிறது. "அன்இனிஷியலைஸ்டு" என்ற சொல் வந்தால் 3-ஆம் படிக்குப் போய், அடுத்தது என்பதற்கு மதிப்பு எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சோதிக்க வேண்டிய நிலைகள் நான்கு: காலி லிஸ்ட்டில் நீக்குவது, ஒரே நோடு இருக்கும்போது அதை நீக்குவது, முதல் நோடை நீக்குவது, இல்லாத எண்ணைத் தேடுவது. நான்கையும் சானிடைசரோடு ஒருமுறை, வால்கிரைண்டில் ஒருமுறை ஓட்டி, இரண்டிலும் பிழை பூஜ்யம் என்று வந்த பிறகு நிரலைக் கொடுங்கள்.